முன் இடது சக்கரம்

செப்டம்பர் 10, சனி

ரெஜினா டீச்சர் இன்று காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினாள். திருவனந்தபுரம் வரை டாக்சி, அங்கிருந்து விமானம், மெல்பர்னில் மகன் ஜெரோம் வீடு. மருமகளுக்கு நவம்பரில் பிரசவம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். டாக்சிக்காரர் கதவைச் சாத்தும்போது, "டிபன் டப்பாவ மறந்துராத டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

என்னைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் டீச்சர்தான். முப்பது வருடம் பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளை விசில் ஊதி ஓடவிட்ட விளையாட்டு ஆசிரியை. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். பத்தொன்பது வருடமாக அடுத்தடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே கேட், ஒரே கார் ஷெட். ஷெட் இருவருக்கும் பொது, கார் அவளுடையது. சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்தக் காரின் இடது பக்க முன் சீட் என்னுடையது.

கார் சாவியையும் ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தாளின் ஒரு பக்கம் ஏதோ பழைய விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரல். மறுபக்கம் கழுவும் முறை. காருக்கு ஒரு வரி, சக்கரத்துக்கு மீதிப் பக்கம் முழுவதும்.

செப்டம்பர் 17, சனி

முதல் கழுவல். இரண்டு மணி நேரம் ஆனது. இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகம்.

வண்டி மெரூன் நிறம். வீல் கப் நான்கும் ரோட்டுப் பள்ளங்களில் ஒவ்வொன்றாகக் கழன்று ஓடிப்போயின. புதிது வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, மேலப்பாளையம் பெயிண்டர் காஜாவிடம் இரும்புச் சக்கரம் நான்குக்கும் வெள்ளை அடித்துக்கொண்டாள் டீச்சர். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் 'வெள்ளை வீல் டீச்சர்' என்றால்தான் தெரியும். வெள்ளையில் ஈ உட்கார்ந்து எழுந்தாலும் தெரியும், அதனால்தான் இத்தனை சட்டம்.

முதலில் வெறும் தண்ணீர். மண் முழுக்க இறங்கும்வரை துணி படக் கூடாது. மண்ணோடு சேர்த்துத் துடைத்தால் துணியும் உப்புத்தாளும் ஒன்று. சக்கரம் சூடாக இருந்தால் ஆறட்டும். அரை வாளித் தண்ணீருக்குக் கார் ஷாம்பு ஒரு மூடி. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. நட்டு இடுக்குகளுக்கு மெத்தென்ற பெயிண்ட் பிரஷ். கறை விடாவிட்டால் ஷாம்புத் துணியை அதன்மேல் போர்த்தி ஐந்து நிமிடம் ஊறவை, அழுத்தித் தேய்க்காதே. கடைசியில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடை. பாத்திரம் தேய்க்கிற நார், பொடி, புளி, பாத்ரூம் ஆசிட் நான்கும் ஷெட் பக்கமே வரக் கூடாது. ஆசிடுக்குக் கீழே இரண்டு கோடு.

என்னிடம் போய் இதைச் சொல்கிறாள். முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்த கை இது. லேபிள் படிக்காமல் ஒரு சொட்டு எதையும் எதிலும் ஊற்றியதில்லை. என் அடுக்களையில் சீனி டப்பாவில்கூட 'சீனி' என்று ஒட்டியிருக்கும், வாங்கிய தேதியோடு. டீச்சர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

செப்டம்பர் 21, புதன்

ஓடாத காருக்கு அழுக்கு எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். வேப்பமரத்துப் பிசின் வருகிறது. காக்கா வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட் கம்பிக்குள் நுழைந்து ஒரு செவலை நாய் வருகிறது. நேரே பின் சக்கரத்துக்குப் போய்க் காலைத் தூக்குகிறது. காயவிட்டால் மஞ்சள் வரி விழும். ஓடிப்போய்த் தண்ணீர் விட்டேன். நாய் அசையாமல் நின்று நான் கழுவுவதை மேற்பார்வை பார்த்தது.

தெருவில் எல்லாரும் செய்வதை நானும் செய்துவிட்டேன். நான்கு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். நீலத் தண்ணீரைக் கண்டால் நாய் வராதாம். படித்தவள் செய்கிற காரியமா இது? பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே என்று நான்கிலும் 'நாய்க்கு' என்று லேபிள் ஒட்டினேன்.

வீடியோவில் பார்த்த டீச்சர், "ஏட்டி ஆவுடை, அந்த நாய்க்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அக்டோபர் 4, செவ்வாய்

ஆயுத பூஜை. என் வீட்டில் இருக்கும் ஆயுதம் அரிவாள்மணையும் ஒரு கத்திரிக்கோலும்தான். அவற்றுக்குப் பொட்டு வைத்துவிட்டு, கார் மட்டும் என்ன பாவம் செய்தது என்று போன் போட்டுக் கேட்டேன்.

"மாதா கோயில்ல சாமியாரு தீர்த்தம் தெளிச்ச வண்டிட்டி அது" என்றாள். பிறகு, "சரி, வச்சுக்கோ. அரை மணி நேரத்துல தொடச்சுரு. குங்குமச் சாயம் பெயிண்ட்ல ஏறிரும்" என்றாள்.

சக்கரத்துக்கு மூன்று பொட்டு சந்தனம், மேலே குங்குமம். டயருக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை நகர்த்த வேண்டும், எனக்கு ஓட்டத் தெரியாது. காலாலேயே மிதித்தேன். பொட்டைத் துடைக்கத்தான் மனம் வரவில்லை. சாமிக்கு வைத்ததை அரை மணியில் அழிப்பதா? ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. துடைத்த இடத்திலெல்லாம் இளஞ்சிவப்புப் பூத்திருந்தது. பயந்துபோனேன். ஷாம்புத் துணியைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏழு தடவை. கடைசியில் விட்டது. டீச்சரிடம் அரை மணியில் துடைத்துவிட்டதாகச் சொன்னேன்.

அக்டோபர் 15, சனி

மழை. சக்கரம் தானாகக் கழுவப்பட்டது. நம்பிக்கை இல்லை, மறுபடி துடைத்தேன்.

அக்டோபர் 29, சனி

கழுவி முடித்துக் காரை ஸ்டார்ட் செய்தேன். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். பத்து நிமிடம் எனக்கென்ன வேலை? இடது சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏசி போட்டுவிட்டு, ஒரு இடத்துக்கும் போகாமல், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். டீச்சர் ஓட்டும்போது எதிரே வருகிறவர்களையெல்லாம் திட்டுவாள். வண்டிக்குள் திட்டு இல்லாமல் ஒரு மாதிரி இருந்தது.

நவம்பர் 12, சனி

பேத்தி பிறந்துவிட்டாள். மூன்று கிலோ நூறு கிராம். பெயர் இன்னும் வைக்கவில்லை. டீச்சர் போனில் அழுதாள். நான் பாயசம் வைத்து, குடிக்க ஆள் இல்லாமல், மூன்று வேளையும் நானே குடித்தேன்.

நவம்பர் 19, சனி

டீச்சரிடம் பேசினேன். முன்பெல்லாம் முக்கால் மணி நேரம். இப்போது குழந்தை எழுந்துவிடும், பத்து நிமிடம்தான்.

ஜெரோம் அங்கேயே இருக்கச் சொல்கிறானாம். முதலில் காரை விற்றுவிடலாம், பிறகு வீட்டையும் பார்க்கலாம் என்கிறானாம். "அவன் சொல்லுததும் சரிதான்ட்டி. அங்க வந்து ஒத்தையில என்னத்த செய்ய?" என்றாள்.

ஒத்தையில என்றாள்.

"ஆமா, அதுவும் சரிதான்" என்றேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். துணியைக் காயப்போட்டேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பேத்தியோடு இருக்க எந்தப் பாட்டிக்குத்தான் ஆசை இருக்காது.

நவம்பர் 26, சனி

காருக்கு ஆள் கிடைத்துவிட்டது. பெயர் சபியா. நாங்குநேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாள். டீச்சரிடம் பள்ளியில் கோகோ ஆடிய பெண்ணாம். அடுத்த சனிக்கிழமை காலை பார்க்க வருகிறாள். "சின்ன வயசுலேருந்து பாக்கேன், அந்த வெள்ளை வீலுக்காகத்தான் கேக்கேன்" என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்.

"வீல மட்டும் நல்லா பளிச்சுன்னு வச்சுரு ஆவுடை. நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள் டீச்சர்.

சரி என்றேன்.

டிசம்பர் 2, வெள்ளி

நாளை சபியா வருகிறாள். காலையில் கழுவினேன். முன் இடது சக்கரத்தில் பாட்டில் மாறிவிட்டது. பாத்ரூம் ஆசிடும் நீல நிறம்தான். நாய் பாட்டில் என்று நினைத்து எடுத்துவிட்டேன். உடனே தண்ணீர் விட்டேன்.

டிசம்பர் 3, சனி

சபியா வந்தாள். முப்பது வயது இருக்கும், சிரித்த முகம். காரைச் சுற்றி வந்தவள் முன் இடது பக்கம் வந்ததும் குனிந்தாள். வெள்ளை சுண்ணாம்பு மாதிரி வெளிறி, கீழே ஒழுகின தடம் மஞ்சளாகி, ஓரத்தில் பெயிண்ட் உப்பியிருந்தது. விரல் வைத்தாள், பொருக்காக உதிர்ந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள்.

பாட்டில் மாறிவிட்டது என்று சொன்னேன். நல்ல பெண். "பாத்தும்மா, கையில படலியே?" என்றுதான் முதலில் கேட்டாள். பெயிண்ட் அடித்துத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன், இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடினாள்.

டீச்சருக்கும் அதையே சொன்னேன். "போட்டும்டி, வீலுதான? நீ ஒன்னும் வெசனப்படாத. வயசாகுதுல்லா, கண்ணு தெரிஞ்சிருக்காது" என்றாள். திட்டியிருக்கலாம். எதிரே வருகிற லாரிக்காரனைத் திட்டுகிற மாதிரி நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 6, செவ்வாய்

பெயிண்டர் காஜா வந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. சக்கரத்தின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆசிட் எப்பம்மா பட்டுச்சு?"

"வெள்ளிக்கிழமை. உடனே தண்ணி விட்டுட்டேன்."

 ஒழுகின தடத்தை நகத்தால் சுரண்டினார். "உடனே தண்ணி விட்டா மேல லேசா மங்கும், அவ்வளவுதான். இது அப்படியே நின்னு காஞ்சிருக்கு. உள்ள துரு எழும்பிட்டு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பார்த்தார். 'நாய்க்கு', 'நாய்க்கு', 'நாய்க்கு', 'நாய்க்கு'.

"சரிம்மா. பழைய பெயிண்ட முழுசா எடுத்துட்டுப் புதுசா அடிச்சுருவோம்" என்று எழுந்தார்.

சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். டிக்கியில் இருந்த கறுப்பு ஸ்டெப்னியை மாட்டியிருக்கிறார். மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு. ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரிகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

டிசம்பர் 8, வியாழன்

 காஜாவுக்குத் தெரிந்துவிட்டது. அதுகூடப் பெரிதில்லை. இந்த நோட்டிலும் பொய் எழுதி வைத்திருக்கிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று இதில் பொய் எழுதினேன்?

டிசம்பர் 10, சனி

இரண்டாம் தேதி நடந்ததை எழுதுகிறேன்.

பாட்டில் மாறவில்லை. ஆசிட் என் குளியலறை அலமாரியில் இரண்டாம் தட்டில் இருந்தது. 'ஆசிட் - அபாயம்' என்று என் கையெழுத்திலேயே லேபிள். அதைப் படித்தேன். கையுறை போட்டுக்கொண்டேன். முன் இடது சக்கரத்தில், மேலிருந்து கீழே, நிதானமாக ஊற்றினேன். தண்ணீர் விடவில்லை. ஷெட் படியில் உட்கார்ந்து அது பொங்குவதையும் அடங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் கேட்டைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன்.

கார் நன்றாக இருந்தால் விற்றுப்போகும். கார் போனால் வீடு போகும். அப்புறம் டீச்சர் வர மாட்டாள். என் மனதில் ஓடியது இவ்வளவுதான். பத்தொன்பது வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன், அவள் ஒத்தையில என்கிறாள். எனக்குக் கோபம். கோபத்தைவிடப் பயம் அதிகம். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, சக்கரத்திடம் காட்டினேன்.

காலை எட்டு மணிக்குப் போன் செய்து இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். எழுதி வைத்துப் படித்தேன், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன்.  பின்னால் குழந்தை சிணுங்கியது.

முடித்ததும், "எந்த வீலுன்ன?" என்று கேட்டாள்.

"முன் இடது."

போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 11, ஞாயிறு

போன் இல்லை.

டிசம்பர் 12, திங்கள்

போன் இல்லை. சபியாவைக் கூப்பிட்டு அவளிடமும் உண்மையைச் சொன்னேன். கார் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.  "எங்க வார்டுல ஒரு பாட்டி, மக ஊருக்குப் போயிருவான்னு வீட்டுக்குப் போவ மாட்டேங்கா. டிரிப் ஊசிய நாலு தடவ புடுங்கிப்போட்டுட்டா" என்றாள். பிறகு, "கார் எனக்கு வேணும்மா, மழைக்காலத்துல ரெண்டு பஸ் முடியல" என்றாள். கண்டிப்பாகத் தருகிறோம் என்று சொன்னேன். நான் யார் அதைச் சொல்ல என்று பிறகுதான் தோன்றியது.

டிசம்பர் 13, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு டீச்சர் கூப்பிட்டாள். எடுத்ததும் திட்டு. எவ்வளவு பெரிய காரியம், கண்ணில் தெறித்திருந்தால் என்ன ஆவது, படித்த பொம்பளைதானா நீ, அந்தப் பெண் எவ்வளவு ஆசையாக வந்தாள். மூச்சு விடாமல் ஐந்து நிமிடம்.  மூன்று மாதமாக எந்த லாரிக்காரனும் கிடைக்காமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்குத்தான்.

பிறகு நிறுத்தினாள்.

"ஒன் பக்கத்து வீலுலயா ஊத்துன?"

ஆமாம் என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது. நான்கு சக்கரத்தில் என் சீட்டுக்கு அருகில் இருக்கும் சக்கரத்தைத்தான் எடுத்திருக்கிறேன். அவள் பக்கத்துச் சக்கரத்தின்மேல் ஊற்ற எனக்குக் கை வந்திருக்காது.

"மூணு நாளா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "ஏட்டி, நான் டாக்சில ஏறும்போது நீ என்ன சொன்ன? டிபன் டப்பா. போவாதன்னு சொல்லல, சீக்கிரம் வான்னு சொல்லல. கார விக்கப் போறேங்கேன், சரிங்குத. இங்கேயே இருக்கப் போறேங்கேன், அதுக்கும் சரிங்குத. இவளுக்கு நான் வந்தாலும் ஒன்னுதான் வராட்டாலும் ஒன்னுதான்னு நெனச்சுக்கிட்டேன். அதான் ஒத்தையிலன்னு சொன்னேன்."

 மூக்கைச் சிந்தினேன்.

"வான்னு ஒரு சொல்லு சொல்ல ஒனக்கு ஒரு பாட்டில் ஆசிட்டா வேணும்?"

"வா டீச்சர்" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"கேக்கல."

"எனக்கு ஒத்தையில இருக்க முடியல. வந்துரு."

குழந்தை எழுந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. ஜெரோமிடம் பேசுகிறாளாம். குழந்தைக்குத் தலை நிற்கட்டும், மார்ச்சில் வருகிறாளாம். வீட்டை விற்கவில்லை. ஆனால் கார் போகட்டும், சபியாவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, தன் முழங்காலும் கிளட்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். "பஸ்ல போவோம். ஜன்னல் சீட்டு ஒனக்கு. டிக்கெட்டு நீ எடு."

டிசம்பர் 24, சனி

காஜா சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டினார். மற்ற மூன்றும் காலத்தில் கொஞ்சம் பால் நிறத்துக்குப் போயிருக்கின்றன, இது மட்டும் பளீரென்று இருந்தது. கலர் சேரவில்லையே என்று வருத்தப்பட்டார். ஒரு வருடம் கழுவினால் சேர்ந்துவிடும் என்றேன்.

சபியாவுக்குக் கழுவும் முறையைச் செய்துகாட்டினேன். வாளி, துணி, பெயிண்ட் பிரஷ், டீச்சர் எழுதிய தாள், எல்லாம் கொடுத்தேன். ஆசிடுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கோடு நானே போட்டேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஏறுங்கம்மா, தெருமுனை வரைக்கும்" என்று இடது கதவைத் திறந்தாள். ஏறினேன். நன்றாக ஓட்டுகிறாள். எதிரே வந்த ஆட்டோவைத் திட்டவில்லை. தெருமுனையில் இறங்கி, வண்டி மெயின் ரோட்டில் திரும்பும்வரை நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு நடந்து வந்தேன்.

ஷெட் காலியாக இருந்தது. நடுவில் செவலை நாய் படுத்திருந்தது, நான்கு நீலப் பாட்டிலுக்கும் இடையில், நிம்மதியாக. விரட்டவில்லை. வருடா வருடம் டீச்சர் வாசலில் கட்டும் காகித நட்சத்திரத்தைப் பரணிலிருந்து எடுத்துக் கட்டி, விளக்கைப் போட்டுப் படம் அனுப்பினேன்.

பிறகு அவள் வீட்டைத் திறந்தேன். ஜன்னல் கம்பிகளில் விரல் கனத்துக்குத் தூசி. இன்று சனிக்கிழமைதானே, எனக்கும் வேறு வேலை இல்லை. முதலில் வெறும் தண்ணீர், பிறகு மெத்தென்ற துணி. மார்ச்சுக்குள் முடித்துவிடலாம்.